மூன்றடிப் படிக்கட்டு போதுமா?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து படிக்கட்டைப் பற்றியவை. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது படிக்கட்டின் அகலம் விதிப்படி இருக்கிறதா என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் கேட்கப்பட்டிருப்பதால், அவற்றுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 1989இல் கட்டிய எங்கள் வார்ப்பு வீட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையே, இரண்டு சுவர்களுக்கு நடுவில், மொட்டைமாடிக்குப் போகும் நேர் படிக்கட்டு இருக்கிறது. பூச்சிலிருந்து பூச்சு வரை அளந்தால் அகலம் 84 சென்டிமீட்டர். தளத்திலிருந்து தளம் 10 அடி. மொத்தம் 17 ஏற்றங்கள் (ஏற்றம் என்பது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான உயரம்). மிதி, அதாவது கால் வைக்கும் பரப்பின் ஆழம், 23 சென்டிமீட்டர். இளைய மகனுக்காக மாடியில் இரண்டு அறைகள் எடுக்க இருக்கிறோம். வரைபடம் தயாரிக்கும் பொறியாளர், படிக்கட்டு ஒரு மீட்டர் அகலம் இல்லை என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மூத்த மகனோ, அங்கே 36 அங்குலமே போதும், சுவரை ஏழு சென்டிமீட்டர் செதுக்கினால் தீர்ந்தது என்கிறான். கொத்தனாரும் அதற்குத் தலையாட்டுகிறார். என்ன செய்வது? – வாசகர், தக்கலை

பதில்: மகன் சொல்லும் கணக்கு அந்த ஊருக்குச் சரி. அமெரிக்க வீடுகளுக்கான மாதிரி விதித்தொகுப்பு, கைப்பிடியின் உயரத்துக்கு மேலே 36 அங்குலம், அதாவது ஏறக்குறைய 91 சென்டிமீட்டர், தடையில்லாத அகலம் கேட்கிறது. கைப்பிடி உயரத்திலும் அதற்குக் கீழேயும் ஒரு பக்கம் கைப்பிடி இருந்தால் 31½ அங்குலம், இரு பக்கமும் இருந்தால் 27 அங்குலம் வரை குறைய அனுமதிக்கிறது. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பயன்படுத்த முடியாது. ஆனால் அதில் ஒளிந்திருக்கும் ஒரு கருத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்: அகலம் என்பது சுவருக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தூரம் அன்று, பூச்சும் ஓடும் கைப்பிடியும் எடுத்துக்கொண்டது போக ஆள் நடப்பதற்கு எஞ்சுகிற தூரம்.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1970இல் முதன்முதலாக வெளியிட்டு, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீட்டின் படிக்கட்டுக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் என்று வகுத்திருக்கிறது. இரண்டு தளம் கொண்ட வரிசை வீடுகளுக்கு மட்டும் 75 சென்டிமீட்டர் என்று ஒரு சலுகை உண்டு. தனி மனையில் நிற்கும் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. இத்தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. நம்மைக் கட்டுப்படுத்துவது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும், அவற்றின்படி உங்கள் நகராட்சி தரும் அனுமதியும்தான். மாடியில் அறை எடுப்பது பராமரிப்பு வேலை அன்று, புதிய கட்டுமானம். ஆகவே வரைபடம் போய்ச் சேரும் இடத்தில் படிக்கட்டும் சேர்ந்தே பார்க்கப்படும். பொறியாளர் ஒரு மீட்டரில் நிற்பது நியாயமானது, அதில் அவரோடு வாதாட வேண்டாம்.

சுவரைச் செதுக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். 1989இல் நம் பக்கத்தில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை தூண் எழுப்பிக் கட்டப்பட்டவை அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே மேல்வார்ப்பின் பாரத்தைத் தாங்கி அடித்தளத்துக்கு இறக்குகிறது. அந்தச் சுவரில் ஏழு சென்டிமீட்டர் செதுக்கினால், செங்கல் கட்டுமானத்தில் குறுக்காகப் போடப்பட்ட கற்களின் முனை உடைந்து, சுவர் ஒட்டாத இரண்டு பாதிகளாகப் பிரியத் தொடங்கும். இன்று அதன் மேலே இருப்பது மொட்டைமாடி மட்டுமே. நாளை அதே சுவரின் மேல்தான் இரண்டு அறைகளும் அவற்றின் வார்ப்பும் உட்காரப் போகின்றன. பாரத்தைக் கூட்டுகிற நேரத்தில் தாங்குகிற சுவரை மெலியச் செய்வதை எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். செதுக்கிய பிறகு மறுபடியும் பூசவும் வேண்டும் என்பதால், ஏழில் ஒன்றரை சென்டிமீட்டர் உடனே திரும்பிப் போய்விடும் என்பதையும் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் படிக்கட்டின் குறை அகலத்தோடு முடியவில்லை. வீட்டுப் படிக்கு மிதி குறைந்தது 25 சென்டிமீட்டர், ஏற்றம் அதிக அளவாக 19 சென்டிமீட்டர், ஒரே ஓட்டத்தில், அதாவது நடுவில் நிற்கும் மேடை (லேண்டிங்) இல்லாமல் தொடர்ந்து ஏறும் படி வரிசையில், 15 ஏற்றங்களுக்கு மேல் கூடாது என்று அதே தொகுப்பு சொல்கிறது. 10 அடியை, அதாவது 305 சென்டிமீட்டரை, 17ஆல் வகுத்தால் ஏற்றம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். அது சரியாகவே இருக்கிறது. ஆனால் மிதி இரண்டு சென்டிமீட்டர் குறைவு. 17 ஏற்றங்களும் இடையில் ஒரு லேண்டிங் இல்லாமல் நேராக ஏறுகின்றன. அகலத்தை மட்டும் ஒரு மீட்டராக்கினாலும் செங்குத்தான, நடுவில் நின்று மூச்சு வாங்க இடமில்லாத படிக்கட்டாகவே அது இருக்கும். அதே இடத்தில் முறையான நேர் படிக்கட்டு வேண்டுமென்றால் 15 மிதிகளுக்கு 375 சென்டிமீட்டரும், நடு லேண்டிங்குக்கு 100 சென்டிமீட்டருமாக 475 சென்டிமீட்டர் நீளம் தேவை. இப்போது உங்கள் படிக்கட்டு எடுத்திருப்பது 16 மிதிகளுக்கு 368 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் குறைகிறது.

ஆகவே என் ஆலோசனை, பழைய இடத்தோடு மல்லுக்கட்டாமல், லேண்டிங்கில் திரும்பி ஏறும் இரட்டை ஓட்டப் படிக்கட்டு ஒன்றைப் புதிதாகக் கட்டுவதுதான். முதல் ஓட்டத்தில் 9 ஏற்றங்கள், இரண்டாவதில் 8. நீண்ட ஓட்டத்தின் 8 மிதிகளுக்கு 200 சென்டிமீட்டர், லேண்டிங்குக்கு 100. நீளம் 3 மீட்டர். இரண்டு ஓட்டங்களும் ஒவ்வொரு மீட்டர், நடுவில் ரெய்லிங்குக்காக 10 சென்டிமீட்டர் விட்டால் அகலம் 2.1 மீட்டர். பூச்சு போக உள்ளளவு ஏறக்குறைய 7 அடிக்கு 10 அடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கீழே ஏறத் தொடங்குவதற்கு முன் நிற்கும் இடம் இதற்கு வெளியே வர வேண்டும். லேண்டிங்கின் ஆழம் ஓட்டத்தின் அகலத்துக்குக் குறையக்கூடாது. இந்த வகைப் படிக்கட்டில் அகலத்தை 15 சென்டிமீட்டர் கூட்டினால் அறையின் அகலம் 30 சென்டிமீட்டரும் நீளம் 15 சென்டிமீட்டரும் கூடும். கடைசி நேரத்தில் 'கொஞ்சம் கூட்டிப் போடுவோம்' என்று சொல்ல இதில் இடமில்லை.

பக்கவாட்டில் மனை மிஞ்சியிருந்தால், விட வேண்டிய இடைவெளியைத் தொடாமல் வீட்டை ஒட்டிப் புதிய படிக்கட்டு அறை எழுப்புவது, உள்ளே வார்ப்பை வெட்டுவதைவிட நல்லது. வார்ப்பை வெட்டும்போது அறுபடுவது காங்கிரீட் மட்டுமன்று, அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும் கம்பியும் அறுபடும். திறப்பைச் சுற்றி உத்திரம் கொடுத்து, அது வலுப்பெறும் வரை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு எழுதித் தரட்டும். 'பழைய படியின் ஓரத்தில் துளையிட்டுக் கம்பி செருகி 16 சென்டிமீட்டர் சேர்த்து வார்க்கலாம்' என்று இன்னொருவர் வந்து சொல்லக்கூடும். படிக்கட்டு ஸ்லாபின் முதன்மைக் கம்பிகள் கீழிருந்து மேலாக, சரிவின் போக்கில் ஓடுகின்றன. ஓரத்தில் ஒட்டவைத்த துண்டுக்கு அப்படிப்பட்ட கம்பியும் இரு முனையிலும் தாங்கலும் இல்லாவிட்டால் அது தொங்குகிற துண்டாகத்தான் இருக்கும்.

லேண்டிங்குக்குக் கீழே வழி விடலாம் என்ற எண்ணம் இருந்தால், அதுவும் இந்தக் கணக்கில் நடக்காது. படிக்கட்டின் கீழே ஆள் நடக்கும் வழிக்கு 2.2 மீட்டர் தலையுயரம் வேண்டும். ஒன்பதாவது ஏற்றத்தில் லேண்டிங்கின் மேற்பரப்பே 161 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. ஸ்லாபின் கனத்தைக் கழித்தால் இன்வெர்ட்டரும் தேங்காயும் வைக்கும் இடமாக மட்டுமே அது உதவும். பழைய படிக்கட்டை இடித்தெடுத்துக் கிடைக்கும் 84 சென்டிமீட்டர் நடையைத் துணி அலமாரியாக்கிக் கொள்ளுங்கள். மாடி வேலை முடிந்து புதிய படிக்கட்டு புழக்கத்துக்கு வந்த பிறகு அதை இடித்தால் போதும்.

கேள்வி: படிகள் ஒற்றைப்படையில் வர வேண்டும், இரட்டைப்படையில் வந்தால் நஷ்டம் என்கிறார் ஆசாரி. எங்களுக்கு 16 ஏற்றங்களே வருகின்றன. ஒரு படியைக் கூட்டலாமா? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கூட்டலாம். மொத்த உயரத்தை 16க்குப் பதிலாக 17ஆல் வகுத்து எல்லா ஏற்றங்களையும் ஒரே அளவாகக் குறைத்தால் படிக்கட்டு இன்னும் சுலபமாகும். கூடுதலாக ஒரு மிதிக்கு 25 சென்டிமீட்டர் நீளம் மட்டும் செலவு. செய்யக்கூடாதது, 16 படிகளையும் அப்படியே வைத்துவிட்டு அடியிலோ உச்சியிலோ மூன்று அங்குல உயரத்தில் ஒரு 'கணக்குப் படி' வைப்பது. கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தைப் பழகிக்கொண்டு அடுத்த படிகளைப் பார்க்காமலே மிதிக்கிறது; அளவு மாறிய படியில்தான் தடுக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, புதுப்பிக்கும் வீடுகளில் மிக அதிகமாக நடப்பதால், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பழைய சிமெண்டுப் படியின் மேல் 2 சென்டிமீட்டர் கிரானைட்டும் அதன் அடியில் 2½ சென்டிமீட்டர் சாந்துமாகப் போட்டால் ஒவ்வொரு மிதியும் 4½ சென்டிமீட்டர் உயரும். எல்லாம் சமமாக உயர்வதால் நடுவில் உள்ள ஏற்றங்கள் மாறுவதில்லை. ஆனால் கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் தொடாமல் விட்டால், 18 சென்டிமீட்டராக இருந்த முதல் ஏற்றம் 22½ ஆகவும், கடைசி ஏற்றம் 13½ ஆகவும் மாறிவிடும். இரண்டு தளங்களிலும் அதே கனத்துக்கு ஓடு பதிக்கும் திட்டம் இருந்தால்தான் படிமேல் கிரானைட் போடலாம். இல்லையென்றால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் போடுங்கள். பக்கச் சுவரிலும் பழைய பூச்சின் மேலேயே ஓடு ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இருபுறமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் போனால், சரியாக ஒரு மீட்டர் இருந்த படிக்கட்டு வேலை முடியும்போது 96 சென்டிமீட்டராகியிருக்கும். கட்டும்போதே செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் 1.10 மீட்டர் விடச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் மச்சுக்குப் போக மரப்படி இருக்கிறது. அகலம் இரண்டடி, ஏணியைப் போலச் செங்குத்து. வீட்டைப் பழுதுபார்க்கும்போது இதையும் விதிப்படி ஒரு மீட்டராக மாற்ற வேண்டுமா? – வாசகர், குலசேகரம்

பதில்: மச்சில் பழைய பாத்திரமும் விதைநெல்லும் மட்டும் இருக்கிறதென்றால் அந்தப் படியை அப்படியே காப்பாற்றுங்கள் என்பேன். எல்லைப்புறத்தில் மலையாளம் கலந்து பேசுவோர் கோவணி என்று சொல்லும் அந்த மரப்படியின் அழகு, பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் சில படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவுமே இருக்கின்றன. இறங்கும்போது எல்லோரும் பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். அரண்மனையைப் பார்த்து நம் வீட்டுக்கு அளவெடுக்கக்கூடாது.

மச்சை ஒருவர் படுத்துறங்கும் அறையாக மாற்றப் போகிறீர்கள் என்றால் பேச்சே வேறு. இரண்டடிப் படியில் கட்டிலும் ஏறாது, காய்ச்சலில் கிடப்பவரைத் தாங்கி இறக்கவும் முடியாது. அப்போது முறையான அகலத்தில் வேறொரு படி வேண்டும். மரத்தை அகலப்படுத்த நினைத்தால், பக்கப் பலகைகள் இரண்டையும் பிரித்து எல்லா மிதிபலகைகளையும் புதிதாக அறுக்க வேண்டும். மிதியின் நீளம் கூடினால் நடுவில் வளையும், ஆகவே கனமும் கூட வேண்டும். தேக்கோ பலாவோ அயினியோ எதுவானாலும், தரையைத் தொடும் அடிக்கட்டையை முதலில் குத்திப் பாருங்கள். சிதல் அரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் இரண்டு சென்ட் மனையில் வீடு. உள்ளே இடமில்லை. பக்கவாட்டில் இருக்கும் மூன்றடி சந்தில் இரும்புப் படிக்கட்டு வைக்கலாமா, அல்லது முன்பக்கம் சுருள்படி வைக்கலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: மூன்றடிச் சந்து என்பது 91 சென்டிமீட்டர். அதில் ரெய்லிங்கும் அதைப் பிடிக்கும் கம்பியும் போக 80 சென்டிமீட்டர் மிஞ்சினால் அதிகம். ஆகவே அகலக் கணக்கிலேயே அது தேறாது. அதற்கும் மேலாக, அந்தச் சந்து காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், தீப்பிடித்தால் ஓடுவதற்கும் விடப்பட்ட இடைவெளி. அதைப் படிக்கட்டால் அடைப்பதற்கு முன் வரைபடத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். அண்டை வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சம்மதித்தது அதற்கு ஈடாகாது.

சுருள்படியைத் தேசியத் தொகுப்பு 9 மீட்டருக்கு மேற்படாத கட்டடத்தில், 1.5 மீட்டருக்குக் குறையாத விட்டத்தோடு ஏற்றுக்கொள்கிறது. விட்டம் ஒன்றரை மீட்டர் என்றால், நடுக் குழாயைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நடக்கும் அகலம் இரண்டேகால் அடி அளவுதான். மிதியும் உட்பக்கம் ஆப்பு போலக் குறுகும். மொட்டைமாடியில் துணி காயப்போடவும் தண்ணீர்த் தொட்டி பார்க்கவும் அது போதும். மாடியில் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு அது ஒன்றே வழியாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். முன்பக்கத்தில் சிட்அவுட்டை விட்டுக்கொடுத்து, 7 அடிக்கு 10 அடியில் முறையான படிக்கட்டு அமையுமா என்று முதலில் வரைந்து பாருங்கள். இரண்டு சென்ட் மனையில் சிட்அவுட்டை இழப்பது வருத்தமான காரியம்தான். ஆனாலும் அதைத்தான் இழக்க வேண்டும்.

இரும்பைப் பற்றி ஒரு சொல். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு, பற்றவைத்த இணைப்புகளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செதில் செதிலாக உதிரும். துத்தநாக முலாம் பூசியதை வாங்கினாலும் பற்றவைக்கும் இடத்தில் முலாம் எரிந்துவிடுவதால் அங்கே மறுபடியும் பூச வேண்டும். எவர்சில்வர் ரெய்லிங் வாங்குவோர், கடைக்காரர் காட்டும் 304 ரகத்தோடு நிற்காமல் மாலிப்டினம் கலந்த 316 ரகத்தைக் கேளுங்கள்; உப்பை அது கூடுதலாகத் தாங்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. திறந்த படிக்கட்டில் பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டாம், சொரசொரப்பான மேற்பரப்புள்ள கல் போதும்.

கேள்வி: கன்னியாகுமரியில் எங்கள் வீட்டு மாடியைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகளாக மாற்ற நினைக்கிறோம். படிக்கட்டு சரியாக ஒரு மீட்டர் அகலம், விதிப்படி கட்டியது. கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும்தானே? – வாசகி, கன்னியாகுமரி

பதில்: போதாது. படிக்கட்டின் அளவு அதன் மேல் யார் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. வீட்டுக்காரர் இருட்டிலும் தம் படியை அறிவார். சூரிய உதயம் பார்க்க விடியுமுன் எழுந்து, அறிமுகமில்லாத வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர் அப்படியல்லர். தங்கும் விடுதிக்குத் தேசியத் தொகுப்பு 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது. மிதி 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஏற்றம் 15க்கு மேல் போகக்கூடாது, ஓர் ஓட்டத்தில் 12 ஏற்றங்களே. டியூஷன் சென்டர் நடத்த நினைப்பவர்களும் இதே அளவுகளுக்குள் வருவார்கள்.

இதைத் தக்கலை வாசகருக்குச் சொன்ன அதே 10 அடி உயரத்தில் வைத்துப் பாருங்கள். 305ஐ 15க்குள் அடக்க 21 ஏற்றங்கள் வேண்டும். 11, 10 என்று இரண்டு ஓட்டங்கள். நீண்ட ஓட்டத்தின் 10 மிதிகளுக்கு 3 மீட்டரும், லேண்டிங்குக்கு 1.5 மீட்டருமாக நீளம் 4.5 மீட்டர், அகலம் 3.1 மீட்டர். வீட்டுப் படிக்கட்டுக்கு ஆறே கால் சதுர மீட்டர் அளவில் முடிந்த இடம், இங்கே ஏறக்குறைய 14 சதுர மீட்டர். ஒரு படுக்கையறையே படிக்கட்டுக்குப் போய்விடும்.

ஆகவே கைப்பிடிக்கு ஸ்டீல் விலை விசாரிப்பதற்கு முன், கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு அனுமதி கிடைக்குமா என்பதையும், எத்தனை அறைகள் வரை என்ன விதி என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாடகைக்குக் குடும்பம் வைப்பதானால் இப்போதிருக்கும் படிக்கட்டே போதும். கைப்பிடியை மாற்றுவதானால் மிதியின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அமையுங்கள்; குழந்தைகள் வந்துபோகும் வீடு என்பதால் நிற்கும் கம்பிகளுக்கு இடையில் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம். கம்பிகளைப் படியின் மேற்பரப்பில் ஊன்றாமல், வெளிப்பக்கத்தில், ஸ்லாபின் ஓரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் ஒரு மீட்டர் அப்படியே இருக்கும்.